பால்கதிர்

சம்மாந்துறைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வேளாண்மைப் பாடத்துக்காகப் பிள்ளைகள் விதைத்த வயல் மணி முற்றாத பால்கதிரோடு நிற்கிறது. அந்தப் பாடத்தை நாடெங்கும் நிறுத்தும்படி கொழும்பிலிருந்து நேற்றுக் கட்டளை வந்திருக்கிறது. அந்தப் பாடத்தை எடுத்துவந்த காலிதீன் சேர், அதற்குரிய மணித்தியாலத்தில் இப்போது புதுப்பாடம் நடத்துகிறார். வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் மாணவி ஹாஜறா எழும்புகிறாள். நகக்கண்ணில் களை பிடுங்கிய சேறு இன்னும் போகவில்லை. “சேர், இண்டைக்கு நம்மட தண்ணி முறை. வக்கடையத் தொறந்து உட்டுட்டு ஓடி வாறன்.” “இனி வயலுக்குப் போகேலா மகள். இரிங்க.” “கதிர் இன்னும் பால்தானே சேர். தண்ணியில்லாட்டிப் பதராப் போயிரும்.” வரப்பில் மூடிக் கிடக்கும் வக்கடை வாயில் சற்று முட்டி நின்றுவிட்டு, தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போகிறது. வகுப்பு முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சேர் போய்ச் சன்னலைச் சாத்துகிறார். “வெயில் கண்ணுல குத்துது,” என்கிறார், திரும்பாமலே. அந்தப் பக்கத்துக்கு வெயில் இன்னும் வரவில்லை.