எண்ணெய் பூச வந்தவர்

கண்ணை மூடாமல் ஜெபம் பண்ணுகிற போதகரை மருமகள் இப்போதுதான் பார்க்கிறாள். மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்தபடி உதடு மட்டும் முணுமுணுக்க, அவர் கண் சுவர்க்கடிகாரத்திலேயே இருந்தது. அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது போலும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமனார் முப்பது வருஷம் சபையை நடத்தியவர். மாத்திரை போடுவது விசுவாசக் குறைச்சல் என்று பிரசங்கம் செய்தே சபையாரை மருந்துக்கடைப் பக்கம் போகவிடாதவர். இப்போது அவர் காலிலேயே சர்க்கரைப் புண். ஆஸ்பத்திரி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில் அவள் கணவன் எங்கிருந்தோ இந்தப் போதகரைப் பிடித்துவந்தான். தினமும் வருவார், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார், புண்ணில் எண்ணெய் பூசிக் கட்டுப் போடுவார், 'ஜெபித்த தண்ணீர்' ஒரு பாட்டில் வைத்துவிட்டுப் போவார். வேதத்தில் ஏதாவது கேட்டால் மட்டும் இருமல் வந்துவிடும்.

மூன்றே வாரத்தில் புண் ஆறத் தொடங்கியது. அவளுக்குச் சந்தேகம் அதிகமானதுதான் மிச்சம்.

இன்று அவர் கிளம்பும்போது வாசலிலேயே மறித்தாள்.

"ஐயா, இயேசு பத்துக் குஷ்டரோகிங்களைச் சொஸ்தமாக்கினாரே, எத்தனை பேரு திரும்பி வந்து நன்றி சொன்னாங்க?"

"அது... ஒரு ஏழெட்டுப் பேர் இருக்கும்மா."

"ஒரே ஒருத்தன்! உண்மையைச் சொல்லுங்க, யாரு நீங்க?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தார். அடியில் ஸ்டெதாஸ்கோப் சுருண்டு கிடந்தது.

"உங்க வீட்டுக்காரரோட படிச்சவன்மா, டாக்டர். மாத்திரையைத்தான் தண்ணியில கரைச்சுத் தர்றேன். தெரிஞ்சா பெரியவர் காலைத் தொடவே விடமாட்டார். காட்டிக்கொடுத்துடாதீங்க."

அவளுக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

மடியில் வேதாகமத்தோடு உட்கார்ந்திருந்த மாமனார், ஜெபித்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"டாக்டர் போயாச்சாம்மா?"