பதினான்காம் எண்

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு திரையில் தோன்றினார்.

திரை முழுக்க அவர் முகம் மட்டும்தான். மாணவர்கள் எல்லாரும் காமிராவை அணைத்துவிட வேண்டும் என்பது அவருடைய விதி. பெயரும் கூடாது, எண் போதும். நாற்பது பேரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது அவர் தகுதிக்குக் குறைவான வேலை.

தொலைதூரக் கல்வியைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. எதிரில் உட்காராதவன் மாணவனே அல்ல என்று கருத்தரங்கு கருத்தரங்காக முழங்கியிருக்கிறார். எதிரில் உட்கார ஆளில்லாமல் அவர் துறையின் நேரடி வகுப்பை மூடிவிட்டார்கள். மிஞ்சியது இதுதான். கருத்தை மாற்றிக்கொள்ளாமலே சம்பளம் வாங்க முடிந்ததால் அவருக்குப் பெரிய சிரமம் இல்லை.

இன்று கடைசி வகுப்பு. பாடம் முடிந்ததும் அதிலிருந்தே வாய்மொழித் தேர்வு. அதில் மதிப்பெண் வாங்காதவர்கள் ஆண்டுத் தேர்வு எழுத முடியாது.

பதினான்காம் எண்ணுக்கு இந்த ஒரு பாடம்தான் பாக்கி. தேறினால் பட்டம்.

எப்போதோ பாதியில் விட்டு, மறுபடி கையில் எடுத்த படிப்பு. இன்னொரு தரம் விடுவதாக உத்தேசம் இல்லை. காய்ச்சலோடும் வகுப்புக்கு வந்த எண் அது. வந்ததே தவிர, இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வருகைப் பதிவுக்குக்கூடத் தட்டச்சுதான். கூச்ச சுபாவம் போல என்று மற்ற எண்கள் நினைத்துக்கொண்டன.

"நடுவுல யாரும் குறுக்க வரக்கூடாது" என்றார் பேராசிரியர்.

சொன்னதோடு நிற்கவில்லை. மாணவர்கள் எழுதும் பெட்டியை மூடினார். கை தூக்கும் பொத்தானை முடக்கினார். எல்லாருடைய மைக்கையும் அடைத்தார். அந்த வேகத்தில் தன் மைக்கையும் அணைத்துவிட்டார்.

பிறகு பாடம் நடத்தினார். தலைப்பு, நல்ல நிர்வாகி பிறர் சொல்வதைக் கேட்பது எப்படி.

வாய் அசைந்தது. புருவம் ஏறி இறங்கியது. ஒரு விரல் ஆகாயத்தைச் சுட்டியது. முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. சத்தம் மட்டும் வரவில்லை.

அதைச் சொல்ல வழியில்லாமல் எண்கள் உட்கார்ந்திருந்தன. மூன்றாம் எண் துவைத்த துணிகளை மடித்து முடித்தது. இருபதாம் எண் தூங்கிப்போனது. இன்றைக்குத்தான் பாடம் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது என்று ஒன்பதாம் எண் தன் அண்ணனிடம் சொன்னது.

பதினான்காம் எண் மட்டும் காதிலிருந்த இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, விடாமல் எழுதிக்கொண்டிருந்தது.

பாடம் முடிந்தது. பேராசிரியர் எல்லாருடைய மைக்கையும் திறந்துவிட்டு ஏதோ கேட்டார். பதில் வராமல் போகவே, கண்ணை உருட்டி அதையே மறுபடி கேட்டார்.

"ஐயா, ஆரம்பத்துல இருந்தே உங்க சத்தம் வரல" என்றது மூன்றாம் எண்.

அவர் குனிந்து பார்த்தார். மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு குறுக்கே கிடந்தது.

மன்னிப்புக் கேட்பது அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை. மைக்கைத் திறந்தார்.

"நான் நடத்தியாச்சு. நடத்தினதை மறுபடி நடத்துற வழக்கம் எனக்குக் கிடையாது. அக்கறை இருக்கிறவன் எப்படியாவது கேட்டிருப்பான். கேட்டவங்க சொல்லுங்க. மத்தவங்களுக்குப் பூஜ்ஜியம்."

அவர் பூஜ்ஜியம் போடப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பதினான்காம் எண்ணின் கட்டைவிரல் மைக் பொத்தானுக்கு மேலே நின்றது. பேசினால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். பேசாவிட்டால் என்ன ஆகும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

அழுத்தியது.

"பதினாலு பேசுறேன் ஐயா."

பெண் குரல். நடுக்கம் இல்லை.

"நல்ல நிர்வாகி, ஒருத்தர் சொல்றதை மட்டுமில்ல, சொல்லாம விட்டதையும் கேக்கணும்னீங்க. பதில் சொல்ற அவசரத்துல காது அடைச்சுக்கும்னீங்க. அதுக்கு உங்க வீட்டையே உதாரணம் காட்டினீங்க. இத்தனை வருஷத்துல உங்க மனைவி வாயைத் திறந்து எதுவும் கேட்டதே இல்ல, அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்னீங்க."

பேராசிரியர் அசையவில்லை. வாய் பாதி திறந்தபடி நின்றது. இணைப்புதான் உறைந்துவிட்டது என்று மாணவர்கள் நினைத்தார்கள்.

அவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்டிருந்தது. முதலில் இடப்பக்கச் சுவர் வழியாக. அதற்கு அப்புறம்தான் கணினியில்.

மெல்லத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் மனைவியும் படுக்கும் அறை.

"பதினாலு" என்றார். "முழு மதிப்பெண்."

வகுப்பை முடித்துவிட அவர் கை அவசரமாக நீண்டது.

அவள் தன் மைக்கை அணைத்தாள். சுவரை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏங்க, மத்த பிள்ளைங்களுக்கும் ஒரு தரம் நடத்திடுங்க. பாவம், அவங்கல்லாம் தூரத்துல இருக்காங்க."

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். உதாரணம் மட்டும் சொல்லவில்லை.