பாடம் நின்ற இடம்

நாற்பது லட்சம் பேர் ஒரே நேரத்தில் படிக்கும் இலவசப் பாடம் அது. ஒருவருக்குப் புரியவில்லை என்றாலும் பாடம் நகராது. அவருடைய முகமும் கேள்வியும் உலகத்தின் எல்லாத் திரைகளிலும் வரும்.

முள்ளக்காட்டு உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் எங்கள் குழுவில் பதினோரு பேர். நடத்துவது நான். இயற்பியல் பட்டதாரி.

அன்றைய பாடம், சூரியனின் ஈர்ப்பு ஒளியை வளைப்பது பற்றி. உலகமே 'புரிந்தது' என்று சொல்லிவிட்டது. எங்கள் பேச்சித்தாய் அக்கா மட்டும் பாக்கி.

"எக்கா, ஒரு பட்டன்தான? அமுக்கிட்டுப் போயேன். ஊரு சிரிக்கப் போவுது" என்றான் லாரி ஓட்டும் இசக்கி.

"வெளிச்சத்துக்கு எடையே இல்லங்காவ. பொறவு சூரியன் அத எப்படில வளைக்கும்? புரிஞ்சுட்டுன்னு பொய் சொல்லச் சொல்லுதியா?"

அக்கா உப்பு வாரிக் காய்த்த விரலை நீட்டினார். 'புரியவில்லை' என்பதையே அழுத்தினார். திரை முழுக்க அக்காவின் முகமும் கேள்வியும் வந்தன. கீழே 'புரியாதவர்கள்: 1' என்று இருந்தது. இசக்கி தலையில் கைவைத்துக்கொண்டான்.

கல்லூரியில் இதே கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், மனப்பாடமாக எழுதி. மேசைக்கு அடியில் என் ஃபோனை எடுத்து, என் பதிலை 'புரியவில்லை' என்று மாற்றினேன்.

'புரியாதவர்கள்: 2.'

பிறகு 9. பிறகு 400. அதன்பின் எண்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடின. பதினேழு லட்சத்தைத் தாண்டியபோது இசக்கி எழுந்து நின்றுவிட்டான்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"யாத்தே, இம்புட்டு பேருமா வாயை மூடிக்கிட்டு இருந்திய?"