வரிசையில் நின்ற குடம்

எட்டு வருடம் பெங்களூரில் இருந்துவிட்டு, குமாரபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள சொந்த ஊருக்கே சரிதா திரும்பி வந்துவிட்டாள். வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அம்மா ஆராயி சாகும்போது தண்ணீர் கேட்டாளாம். சரிதா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்போது அவள் பெங்களூருக்கு எடுத்துப்போனது, ‘ஆராயி’ என்று பேர் வெட்டிய எவர்சில்வர் குடத்தை மட்டும்தான்.

வந்த மறுநாள் காலை, தண்ணீர் விடும் முறை. அந்தக் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். வரிசையில் ஏற்கெனவே நான்காவதாக அதே குடம் நின்றது. அதே பேர், அடியில் அதே நசுங்கல்.

“ஊட்டுக்கு ஒரு கொடந்தான் சாமி,” என்றாள் பக்கத்து வீட்டுப் பூங்கொடி. “உங்க ஊட்டுக் கொடம் மொறை தவறாம வந்துருதே. நாங்க புடிச்சு வாசல்ல வெச்சுருவோம். பொழுதுக்குள்ள காலியாயிருது.”

“ஆருங்கக்கா கொண்டாந்து வெக்கறது?”

“நீ ஆள் உட்டிருப்பேன்னுல்ல நெனச்சோம்!”

சரிதா தன் குடத்தை வெறுமையாகவே தூக்கி வந்தாள். பத்து மணிக்கு வரிசையில் நின்ற அந்தக் குடம் தண்ணீரோடு வாசலில் இருந்தது. அதைச் சமையலறையில் வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

மதியம் வெயிலில் தொண்டை வறள வந்து பூட்டைத் திறந்தாள். குடம் காலி. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பாத்திர மூட்டையை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை. ஆனால் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. இன்னொரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தட்டுப் போட்டு மூடியிருந்தது.