நிலமும் நீரும்

சைகோன் கல்லூரியின் பாடத்திட்டக் குழு கூடியிருந்த அறைக்கு வெளியே சேஷாசலம் உட்கார முடியாமல் நடந்துகொண்டிருந்தார். மொழி தெரியாத அவருக்கு உள்ளே வேலையில்லை. பொறியியலையும் பொருளாதாரத்தையும் வரலாற்றையும் சேர்த்து முதலாண்டுக்கு அவர் வகுத்த பாடம், வாய்க்காலைத் தூர்த்துக் கட்டினால் சைகோன் மூழ்கும் என்றது. கட்டுகிறவர்களோடு வம்பு எதற்கு என்று இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். இன்றும் தள்ளிவிட்டால் சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவருக்காக உள்ளே பேசப் போயிருந்த சக ஆசிரியை, சைகோனிலேயே பிறந்த காரைக்கால் குடும்பத்துப் பெண் ஒடெட் சிரித்தபடி வந்தாள். "பாஸ் சார்! ஒரு கேள்விகூடக் கேக்கலை."

"என்னம்மா மாத்தினே?"

"தலைப்பை மட்டும் வியட்நாமிய மொழியில போட்டேன். டத் நுவொக்."

"நிலம், நீர்தானே?"

"அதேதான்."

பின்னால் வந்த குழுத் தலைவர் சேஷாசலத்தின் கையைக் குலுக்கி ஆங்கிலத்தில் சொன்னார்: "வெளிநாட்டுக்காரர் நீங்கள், எங்கள் பிள்ளைகளுக்குத் தேசபக்தி சொல்லித்தர வந்தீர்களே!"

அவர் போனதும் சேஷாசலம் முறைத்தார். "தேசபக்தியா?"

"டத்னா நிலம், நுவொக்னா தண்ணி. ரெண்டும் சேர்ந்தா தாய்நாடு."

"அடிப்பாவி! ஏமாத்திட்டியா?"

"எங்க வியட்நாமிய மொழியில சேர்ந்த சொல்லைக்கூடப் பிரிச்சுத்தான் சார் எழுதுவோம். சேர்த்துப் படிச்சது அவங்க."