அல்லியின் சொந்தக்காரி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை இப்போதே உதிரட்டும்.

அல்லி என்றொரு கழுதை. தானே கூலி பேசிச் சுமை தூக்கிப் பிழைப்பவள். ஒருநாள் கூலியாகக் கிடைத்த புல்லுக்கட்டோடு வரும்போது, ஏட்டு வேலை பார்க்கும் நாயார் அவளைப் பிடித்துப் பட்டியில் அடைத்தார். ஓட்ட ஆளில்லாமல் சாலையில் நடந்தது குற்றமாம். பொழுது சாய்வதற்குள் சொந்தக்காரர் வந்து ஒரு கட்டுப் புல் அபராதம் கட்டாவிட்டால், ஏலம்.

அல்லி தலை குனியவில்லை.

“உன் சொந்தக்காரர் யாரு?”

“நான்தான் ஏட்டையா.”

“என்ன நக்கலா? கழுதைக்குக் கழுதையே சொந்தமா?”

“சுமக்கிறது நான், தின்கிறதும் நான். நடுவிலே இன்னொருத்தர் எதுக்கு?”

ஏட்டு சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சொந்தக்காரருக்கு இரண்டு கால்தான் இருக்கவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. புல்லுக்கட்டை வாங்கிக்கொண்டு பதிவேட்டை நீட்டினார்.

“கைநாட்டு வை.”

“கைக்கு எங்கே போக? கால்நாட்டுதான்.”

குளம்பை மையில் தோய்த்து அழுத்திப் பதித்தாள். கதவு திறந்தது.

“ஓட்ட ஆளில்லாமப் போகக்கூடாது, தெரியுமில்ல?”

“தெரியும் ஏட்டையா” என்றவள், “ஹை, ஹை, நட கழுதை” என்று தன்னைத் தானே அதட்டி ஓட்டிக்கொண்டு, நடுச்சாலையில் வாலை நிமிர்த்திப் போனாள்.

சொன்னது நான் என்று மட்டும் ஏட்டையா காதில் போட்டுவிடாதீர்கள். எனக்கும் ஓட்ட ஆள் கிடையாது.