மெதுவா மூச்சு வுடு

“பரசு, நான் சாவப்போறேன். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினு கீது,” என்றான் வேலப்பன். அவன் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது.

பரசுராமன் நண்பனை இறுக அணைத்துக்கொண்டான். “போன மாசம் டிராம்லயும் இதே மாதிரிதான் சொன்னே மாமு. செத்தியா?”

“இல்ல.”

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல, வெறும் பயம்னாரு.”

“அதான். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும். அதுவரைக்கும் உன்ன வுட மாட்டேன். என்கூட சேந்து மூச்சு வுடு. மெதுவா... இன்னும் மெதுவா.”

“எல்லாரும் பாக்குறாங்கடா.”

“பாத்தா பாக்கட்டும்.”

பத்து நிமிடம் இருவரும் அப்படியே நின்றார்கள். வேலப்பனின் நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

“இப்ப எப்படி கீது?”

“போயிடுச்சி மாமு.”

“சத்தியமா?”

“சத்தியமா!”

“சரி,” என்ற பரசுராமன், அவனை இடுப்போடு தூக்கி மல்லாக்க மணலில் போட்டு, மார்மேல் ஏறி அமர்ந்தான்.

இப்படியொரு பிடியை ராயபுரம் குஸ்தி கோதா அதுவரை கண்டதில்லை. பத்து நிமிடமாக மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் விசிலடித்து ஆர்ப்பரித்தது. நடுவர் ஓடிவந்து பரசுராமனின் கையை உயர்த்தினார்.

கீழே கிடந்த வேலப்பன் வாயிலிருந்த மணலைத் துப்பினான்.

“அவசரப்பட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் கீதுன்னு சொல்லியிருக்கணும்!”